கத்தரிப்பூ நிறச் சேலையும் சிவந்துபோன கல்யாணப் படமும்

பழைய படங்களைச் சரிசெய்யும் என்னிடம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கொண்டுவந்தது இரண்டு படங்கள். ஒன்று, 1984-இல் நடந்த அவருடைய அம்மாவின் கல்யாணப் படம். 5×7 அங்குலத் தாள், நாலு பக்கமும் மெல்லிய வெள்ளை ஓரம். இன்னொன்று, அதையே செல்போனில் எடுத்து ஏதோ ஒரு செயலியில் ‘ஆட்டோ’ போட்டுச் சரிசெய்தது. தாளில் இருந்த படம் முழுக்கச் செங்கல் நிறம். மாப்பிள்ளையின் தலைமுடி கூட அரக்காகத் தெரிந்தது. செல்போனில் இருந்ததில் சிவப்பு போயிருந்தது, ஆனால் எல்லார் முகமும் சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தது.

“அண்ணே, இதைப் பெரிசு பண்ணி ஹால்ல மாட்டணும். அம்மாவோட அரக்குச் சேலை மட்டும் பளிச்சுனு வந்தாப் போதும்,” என்றார் மகள்.

கூட வந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அது அரக்கு இல்ல. கத்தரிப்பூ கலரு. பார்டர் பச்சை. இவ சொன்னா நம்ப மாட்டேங்குறா.”

மகள் நம்பாததில் தப்பில்லை. அவர் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த படத்தில் அந்தச் சேலை சிவப்புதான், பார்டர் காவிதான். அம்மா நினைவு சரியா, படம் சரியா என்பதுதான் எனக்கு வந்த வேலை. இதை முழுக்க எழுதிவைக்கக் காரணம், கலர் கரெக்ஷனில் எனக்குத் தெரிந்த கண்ணிகள் எல்லாமே இந்த ஒரு படத்தில் இருந்தன.

படம் ஏன் சிவந்தது

முதலில் நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதும் இதுதான் முதல் கேள்வி. எடுத்த ஸ்டூடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள், நெகட்டிவ் இல்லை. அப்படியானால் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கலர் போட்டோ தாளில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. அதனால்தான் தாத்தா பாட்டி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் நிற்கின்றன, அதற்குப் பிந்திய கலர் படங்கள் வெளுத்துவிட்டன. மூன்று சாயமும் ஒரே வேகத்தில் வெளுத்தால் படம் மங்கும், அவ்வளவுதான், நிறம் சாயாது. ஆனால் அப்படி நடப்பதில்லை. அந்தக் காலத் தாள்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் சயான் முதலில் இறங்கிவிடும். நம்மூர் வெக்கையும் ஈரக்காற்றும் அதை இன்னும் விரட்டும்.

சயானின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. சயான் போனால் சிவப்பு தடையில்லாமல் திரும்பி வரும். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில்தான் சாயம் அதிகம், அதனால் இழப்பும் அங்கேதான் அதிகம். தலைமுடி அரக்கானது அதனால்தான். இதோடு இன்னொன்றும் நடக்கிறது: தாளில் தங்கிப்போன, சாயமாக மாறாத ரசாயனம் நாளடைவில் மஞ்சள் பூக்கும். அது வெள்ளைப் பகுதியில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆக, நிழலில் சிவப்பு, வெளிச்சத்தில் மஞ்சள். ஒரே படத்தில் இரண்டு வேறு சாயல்கள். ‘டெம்பரேச்சர்’ ஸ்லைடர் ஒன்றை மட்டும் இழுத்து இதைச் சரிசெய்ய முடியாது. அது படம் முழுவதையும் ஒரே பக்கமாகத் தள்ளும்; நிழல் சரியானால் வெளிச்சம் கெடும்.

இப்போது சேலைக்கு வருவோம். கத்தரிப்பூ நிறம் தாளில் மெஜந்தாவும் சயானும் சேர்ந்து வருவது. சயானை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மெஜந்தா; மஞ்சள் கறையும் சேர்ந்தால் அரக்கு. பச்சை என்பது சயானும் மஞ்சளும். சயான் போனால் மிஞ்சுவது மஞ்சள்; மங்கலான பச்சையில் கொஞ்சம் மெஜந்தாவும் இருக்கும், அதனால் காவி. அம்மா சொன்ன இரண்டு நிறமும் இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆனால் கணக்கு பொருந்துவதாலேயே அதை உண்மை என்று வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படமே அதைச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன்

படம் பிசின் கோடு போட்ட, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டும் ஆல்பத்தில் இருந்தது. அந்த வகை ஆல்பம் படத்துக்கு எமன். இழுத்தால் கிழியும் என்பதால் பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, அறுப்பது போல மெல்ல நகர்த்திப் பிரித்தேன். அரைமணி நேரம் ஆனது.

ஸ்கேனரில் எல்லா ஆட்டோ வசதிகளையும் நிறுத்தினேன். ‘கலர் ரெஸ்டோரேஷன்’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அதையும்தான். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 48 பிட் கலர், டிஃப் கோப்பு. 3000×4200 புள்ளி, ஒரு புள்ளிக்கு 6 பைட், சுமார் 75 எம்பி. 48 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு சேனலுக்கும் 16 பிட். இதை வீண் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படம்தான் பதில். இதில் சிவப்பு சேனலில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை, 0 முதல் 255 வரையிலான 8 பிட் அளவில் சொன்னால், வெறும் 142 படிகள்தான் இருந்தன. அதை 226 படிகளாக இழுக்கப் போகிறேன். 8 பிட்டில் இழுத்தால் இடையிடையே ஓட்டை விழுந்து, ஹிஸ்டோகிராம் (எந்த அளவில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் மாதிரி ஆகும். கன்னத்தில் படிப்படியாகக் கோடு தெரியும்.

மென்பொருள் கிம்ப் 2.10. 2018-இல் வந்த இந்தப் பதிப்பிலிருந்துதான் கிம்ப் 16 பிட்டில் வேலை செய்கிறது. லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை முனைகளை நகர்த்துவது), கர்வ்ஸ் (இடைப்பட்ட அளவுகளை வளைகோட்டால் ஏற்றி இறக்குவது) பெட்டிகளில் ‘லீனியர்’, ‘பெர்செப்சுவல்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டாவதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவதில் இருந்தால் கீழே சொல்லும் எண்கள் ஒத்துவராது. ஃபோட்டோஷாப்பில் செய்தாலும் முறை இதேதான்.

தெரிந்த நிறம் எது

கலர் கரெக்ஷன் என்பதே படத்துக்குள் நமக்கு நிறம் நிச்சயமாகத் தெரிந்த பொருளைத் தேடுகிற வேலை என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். கண்ணை நம்பக் கூடாது. சிவந்த படத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். அப்புறம் சரியான படமே பச்சையாகத் தெரியும்.

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். கண்ணில் பட்ட பெரிய வெள்ளை மாப்பிள்ளையின் வேட்டி. லெவல்ஸில் ‘இதுதான் வெள்ளை’ என்று மென்பொருளுக்குக் காட்டும் சொட்டுக் குழாய்க் கருவியை எடுத்து அதில் வைத்துவிட்டேன். படம் உடனே குளிர்ந்து, தாளின் ஓரமே நீலமாகிவிட்டது. முகூர்த்த வேட்டி பட்டு வேட்டி என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டு சந்தன நிறம், வெள்ளை இல்லை. அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால், வேட்டியில் இருக்கும் இயல்பான மஞ்சளையும் கறை என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதிலும் நீலத்தை ஏற்றிவிடும். பருத்தி வேட்டியாக இருந்தாலும் நம்ப முடியாது, சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். மல்லிகையில் லேசாகப் பச்சை ஓடும். எவர்சில்வர் சொம்பு பக்கத்தில் இருக்கும் சேலையின் நிறத்தைக் காட்டும். நம் கல்யாணப் படத்தில் நடுநிலையான வெள்ளை கிடைப்பது நினைப்பதைவிடக் கஷ்டம்.

கடைசியில் மூன்று இடங்களை எடுத்துக்கொண்டேன். முதலாவது, தாளின் வெள்ளை ஓரம். அது காட்சியில் இருந்த எதுவும் இல்லை, வெறும் தாள். அதில் இருக்கும் மஞ்சள் முழுக்க வயதால் வந்தது. பிரிண்ட் போடுகிறவர்கள் பலர் ஸ்கேன் செய்ததும் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். தயவுசெய்து கடைசிவரை வெட்டாதீர்கள். இரண்டாவது, மாப்பிள்ளையின் பின்னந்தலையில் ஃபிளாஷ் எட்டாத கறுப்பு முடி. மூன்றாவது, தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவரின் நரைத்த தலை. நரை முழு நடுநிலை இல்லைதான், ஆனாலும் இடைப்பட்ட சாம்பலுக்கு அதைவிட நல்லது அந்தப் படத்தில் இல்லை.

சொட்டுக் குழாயின் சாம்பிள் ஆவரேஜை, அதாவது சராசரி எடுக்கும் பரப்பை, பெரிதாக வைத்து அளந்தேன். ஒரே ஒரு புள்ளியை அளந்தால் தாளின் தூசிதான் கிடைக்கும். 0 முதல் 255 வரையிலான அளவில் வந்தது இது:

ஓரம்: சிவப்பு 238, பச்சை 226, நீலம் 196.
கறுப்பு முடி: சிவப்பு 96, பச்சை 38, நீலம் 46.
நரை: சிவப்பு 186, பச்சை 140, நீலம் 128.

கறுப்பில் சிவப்பு 96 என்பதைப் பாருங்கள். நாற்பது வருடத்தில் சயான் எவ்வளவு போயிருக்கிறது என்பது அந்த ஒரு எண்ணில் தெரிகிறது.

சரிசெய்த வரிசை

லெவல்ஸில் மூன்று சேனலையும் தனித்தனியாகத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் முடியின் அளவை 20-க்கும், ஓரத்தின் அளவை 246-க்கும் கொண்டுவந்தேன். 0, 255 என்று எல்லைவரை இழுக்கவில்லை. முடியிலேயே ஒளியும் நிழலும் இருக்கின்றன, அவை மூழ்கிவிடக் கூடாது.

கிம்பில் ‘வெள்ளைச் சமநிலை’ ஆட்டோவும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு முனையிலும் 0.05 சதவீதப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு மீதியை முழு அளவுக்கு இழுக்கும். எது கறுப்பு, எது வெள்ளை என்று அதற்குத் தெரியாது, முனையில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். செல்போன் செயலி செய்தது வேறு மாதிரி இருக்கலாம். படத்தின் சராசரி நிறம் சாம்பல்தான் என்று வைத்துக்கொண்டு சரிசெய்யும் வழி ஒன்று உண்டு. சேலை, மாலை, குங்குமம், ஜமுக்காளம் எல்லாமே சிவப்புச் சார்ந்த ஒரு மணவறைப் படத்தில் அந்த அனுமானம் பொய். அவ்வளவு சிவப்பையும் சாயல் என்று நினைத்து அது கழுவிவிடும், முகம் சாம்பலாகும். மகள் காட்டிய படம் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது.

இரண்டு முனையும் சரியானபின் நரையைத் திரும்ப அளந்தேன்: 163, 143, 144. பச்சையும் நீலமும் ஒன்றுக்கொன்று நெருங்கிவிட்டன, சிவப்பு மட்டும் 20 கூட. கறுப்பும் வெள்ளையும் சரி, நடுவில் மட்டும் சிவப்பு வீக்கம். லெவல்ஸோடு நிறுத்துகிறவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். “இன்னும் கொஞ்சம் சிவப்பா இருக்கே” என்று சாச்சுரேஷனை (எல்லா நிறத்தின் அடர்த்தியையும்) குறைப்பார்கள், படம் உயிர் போய்விடும். அதற்குப் பதில் கர்வ்ஸில் சிவப்பு சேனலை எடுத்து, நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்து 163-ஐ 145-க்கு இறக்கினேன். முனைகள் அசையவில்லை. நரை 145, 143, 144 ஆனது.

அந்த ஒரு இறக்கத்தில் பார்டர் பச்சையானது.

நான் பார்டரைத் தொடவே இல்லை. ஸ்கேனில் 150, 110, 62 என்று காவியாக இருந்த இடம் இப்போது 90, 107, 44. பாசிப்பச்சை. ஓரத்தையும் முடியையும் நரையையும் மட்டும்தான் திருத்தினேன். சேலை யாருடையது, என்ன நிறம் என்று மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியில் உறுதியானது. உண்மையைச் சொன்னால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேலையின் உடல் அவ்வளவு சுலபமாக வரவில்லை. 168, 62, 96 என்பது 117, 49, 95 ஆனது. அரக்கிலிருந்து நாவல்பழச் சாறு கறை மாதிரி ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. கத்தரிப்பூவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்.

பீரோவில் இருந்த சாட்சி

போன் செய்து, அந்தச் சேலை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. மறுநாள் மகளே கொண்டுவந்தார். பிரித்துப் போட்டதும் ஒன்றும் பேசவில்லை. கத்தரிப்பூ, பாசிப்பச்சை பார்டர், ஜரிகை மட்டும் கறுத்திருந்தது.

அதை ஜன்னல் நிழலில், பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். மடிப்பின் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு, உள்மடிப்பில். வெளிப்பக்கம் காற்றிலும் வெளிச்சத்திலும் கொஞ்சம் வெளுத்திருக்கும். ஆனால் அந்த எண்களை அப்படியே கல்யாணப் படத்துக்குள் ஊற்றவில்லை. காரணம் இருக்கிறது. சில பூக்களும் சில சாயங்களும் நம் கண் சரியாகப் பார்க்காத ஆழ்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கலர் பிலிம் அதைப் பார்த்துவிடும். கண்ணுக்கு ஊதாவாக இருப்பது பிலிமில் இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்து விழும். 1984-இல் புதுசாக வந்த பிரிண்டிலேயே இந்தச் சேலை கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்திருக்கலாம். எனவே சேலைக்கு மட்டும் ஒரு மாஸ்க் (மற்ற இடத்தைத் தொடாமல் காக்கும் மறைப்பு) போட்டு, சிவப்பை 117-லிருந்து 104-க்கு இறக்கினேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். பார்த்தவுடன் கத்தரிப்பூ என்று சொல்லலாம், பீரோவில் இருப்பதைவிட ஒரு சிட்டிகை சிவப்பு. ஒரு பொருளுக்கு நான் கையால் நிறம் கொடுத்தது இந்தப் படத்தில் இந்த ஒரு இடத்தில்தான், அதைக் குறிப்பிலும் எழுதிவைத்தேன்.

மாஸ்க் போடும்போது ஒரு சிக்கல். கொசுவத்தின் நிழலில் சிவப்பு சேனலில் விவரமே இல்லை, தட்டையாக இருந்தது. இழந்த சாயத்தை எந்த மென்பொருளும் திரும்பத் தராது. பச்சை சேனலில் அந்த மடிப்புகள் நன்றாக இருந்தன. சேனல் மிக்ஸரில் சிவப்பை 80 சதவீதம் சிவப்பு, 20 சதவீதம் பச்சை என்று கலந்ததும் மடிப்பு தெரிந்தது. அதே மாஸ்க்குக்குள் மட்டும்.

முகத்தின் நிறம்

முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முகத்தை வைத்து ஆரம்பித்தால் ஆசைதான் கையை நடத்தும். மணப்பெண்ணின் கன்னம் ஸ்கேனில் 192, 118, 94. மேலே சொன்ன திருத்தங்களுக்குப் பிறகு 155, 116, 92. நிறவட்டத்தில் 15 பாகையிலிருந்து 23 பாகைக்கு வந்திருக்கிறது. தோல் வெளுப்போ கறுப்போ, மாறுவது பெரும்பாலும் அடர்த்திதான், நிறக்கோணம் ஒரு குறுகிய பட்டைக்குள்ளேயே நிற்கும். வீடியோவில் கலர் சரிசெய்பவர்கள் வெக்டர்ஸ்கோப் என்ற நிறம் காட்டும் வட்டத்தில் எல்லாத் தோலுக்கும் ஒரே கோட்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மாநிறத் தோலுக்கு 23 பொருத்தமான இடம்.

மகளோடு வந்திருந்த உறவுக்காரப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, “அண்ணே, அத்தையக் கொஞ்சம் கலரா ஆக்கிருங்க,” என்றான். நான் மாட்டேன் என்றேன். இந்த விஷயத்தில் நான் வளைவதில்லை. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். பல நிறத்துப் பெண்களை ஒரே அட்டையில் வைத்தது 1990-களில்தான். உலகமே தன் முகங்களை ஒரு தோலை அளவுகோலாக வைத்துப் பார்த்த காலத்தில் எடுத்த படம் இது. இப்போது எண் சரியாக நிற்கும்போது, நானே கையால் அந்த அநியாயத்தைத் திரும்பச் செய்வதா? பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தில் தெரியும் மஞ்சள் பூச்சைக் காட்டி, வெளுப்பாக்கினால் இது முதலில் போய்விடும் என்றேன். புரிந்துகொண்டான்.

விட்டுவைத்த சாயல்

மணவறைக்குப் பின்னால், ஃபிளாஷ் எட்டாத தூரத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் சரியானபிறகும் அந்தப் பகுதி ஆரஞ்சாகவே இருந்தது. அது தாள் வெளுத்ததால் வந்தது இல்லை. விடிகாலை முகூர்த்தம், மண்டபத்தில் குண்டு பல்பு. பகல் வெளிச்சத்துக்கான பிலிம் 5500 கெல்வினுக்கு (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) சமப்படுத்தியது; குண்டு பல்பு 2800 பக்கம். அதை அந்த பிலிம் ஆரஞ்சாகத்தான் பதியும். பின்னணிக்குத் தனி மாஸ்க் போட்டு அதையும் வெளுப்பாக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். செய்யவில்லை. அந்த ஆரஞ்சு அந்த விடிகாலையுடையது. நாற்பது வருடம் ஏற்றிய சிவப்பை எடுப்பதற்குத்தான் அம்மா படத்தைக் கொடுத்தார். மண்டபத்தில் எரிந்த பல்பை அணைக்கச் சொல்லவில்லை.

டோனுக்கு, அதாவது ஒளி-நிழல் அழுத்தத்துக்கு, செய்தது கொஞ்சம்தான். முனைகளைச் சரிசெய்ததிலேயே படத்துக்கு அழுத்தம் வந்துவிட்டது. படத்தின் நகல் ஒன்றை மேல் அடுக்காக வைத்து, மென்மையான எஸ் வடிவக் கர்வ் கொடுத்து, அடுக்கை, வெளிச்சத்தை மட்டும் மாற்றி நிறத்தை விட்டுவிடும் ‘லூமினன்ஸ்’ முறைக்கு மாற்றினேன். சாதாரண முறையில் விட்டால் அழுத்தத்தோடு நிறமும் ஏறும், தங்கம் செம்பாகும், இவ்வளவு நேரம் அளந்தது வீணாகும்.

லேப்

கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவைக்கு மாற்றி பிரிண்டுக்குக் கொடுத்தேன். வந்த பிரிண்டில் பின்னணி ஆரஞ்சைக் காணோம், சேலை நீலத்துக்குப் போயிருந்தது. பிரிண்ட் இயந்திரம் வழக்கம்போல ஆட்டோ கரெக்ஷன் போட்டிருக்கிறது. நான் எழுதிக் கொடுக்காதது என் தவறு. இரண்டாவது தடவை ‘நோ கரெக்ஷன்’ என்று உறையிலும் எழுதி, நேரில் போய் ஆபரேட்டரிடமும் சொன்னேன். திரையில் பார்த்தது வந்தது.

இதை வைத்து அந்த ஆல்பத்தில் மீதி இருந்த 41 படங்களையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். லெவல்ஸ், கர்வ்ஸ் அமைப்பைச் சேமித்துவைத்திருந்தேன். ஒரே கட்டுத் தாளில் போட்ட 29 படங்களுக்கு அது சின்ன மாற்றத்தோடு பொருந்திவிட்டது. மற்ற 12-இன் ஓரத்தை அளந்தாலே எண் வேறாக வருகிறது. வேறு கட்டுத் தாளாக இருக்க வேண்டும். அவற்றுக்கு ஓரம், கறுப்பு, சாம்பல் என்று திரும்ப முதலிலிருந்து. அதில் மூன்றில் ஓரமே இல்லை, யாரோ ஆல்பத்தில் அடங்குவதற்காகக் கத்தரித்திருக்கிறார்கள். அந்த மூன்றுக்கும் வெள்ளைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு படத்தின் மூலையில் மொய் எழுதுகிறவரின் நோட்டுப் புத்தகம் விரிந்து கிடப்பதைப் பார்த்தேன். அதில் முழு நம்பிக்கை வைக்க முடியாது, நோட்டுத் தாளும் வெள்ளை இல்லை. ஆனால் அதே நோட்டு, ஓரம் உள்ள இன்னொரு படத்திலும் இருக்கிறது. அங்கே அளந்து இங்கே கொண்டுவருகிறேன்.